எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று யார் எண்ணுகிறார்கள்?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

ஃப்ளூ (இன்ஃப்ளூயன்சா) எனப்படும் பருவகாலக் காய்ச்சலைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பல, மருந்தைப் பற்றிக் கேட்காமல், காய்ச்சல் கணக்கைப் பற்றியே கேட்டிருந்தன. அரிதாகவே எழுப்பப்படும் கேள்விகள் என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சலும் இருமலும் வந்து போயின. யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. எந்தப் பதிவேட்டிலும் எங்கள் பெயர் ஏறவில்லை. அப்படியிருக்க, "இந்த வாரம் ஃப்ளூ காய்ச்சல் அதிகரித்துள்ளது" என்று சுகாதாரத் துறையினர் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பதில்: உங்கள் வீட்டுக் காய்ச்சல் மட்டுமல்ல, உலகில் வந்துபோகும் ஃப்ளூ காய்ச்சலில் மிகப் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்குப் பருவகால ஃப்ளூ வருகிறது. அவர்களுள் 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் கடுமையாகிறது. இத்தனை பேரையும் ஒருவர் விடாமல் எண்ண எந்த நாட்டாலும் இயலாது. அப்படி எண்ண வேண்டிய தேவையும் இல்லை. நோய் ஏறுமுகத்தில் இருக்கிறதா, இறங்குமுகத்தில் இருக்கிறதா, எந்த வயதினரை அதிகம் தாக்குகிறது, எந்த வைரஸ் பரவுகிறது, சென்ற ஆண்டுகளைவிடக் கடுமையாக இருக்கிறதா என்பவையே கண்காணிப்பு விடை தேடும் கேள்விகள். இவற்றுக்கு விடை காண, தெரிந்தெடுத்த சில மருத்துவமனைகளும் மருத்துவர்களும் போதும். இதைச் சென்டினல் கண்காணிப்பு என்று சொல்வார்கள்.

இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. காய்ச்சலும் இருமலுமாகப் புறநோயாளர் பிரிவுக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் முதல் அடுக்கு. அதே அறிகுறிகள் முற்றி மருத்துவமனையில் அனுமதிக்கப்படுகிறவர்கள் இரண்டாம் அடுக்கு. முதல் அடுக்கு நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டாவது, அது எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைக் காட்டும். தெரிந்தெடுத்த இடங்களில் ஒவ்வொரு வாரமும் மொத்தம் எத்தனை நோயாளிகள் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த அறிகுறிகள் இருந்தன என்று குறிக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தும். ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்த ஒரு சோறு உண்மையைச் சொல்லும். நகரத்துப் பெரிய மருத்துவமனைகளை மட்டும் தெரிந்தெடுத்தால் கிராமத்து நோய் கண்ணில் படாது. குழந்தைகள் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் முதியவர்களின் நிலை தெரியாது. ஆகவே எல்லா வயதினரும், எல்லாத் தரப்பினரும், வெவ்வேறு நிலப்பகுதியினரும் வந்து போகும் இடங்களாகப் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும். மாதிரி எடுப்பதற்கும் ஒரு நெறி வேண்டும். நாள்தோறும் அறிகுறியுடன் வரும் முதல் சிலர், அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருவர் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு அதன்படி எடுக்க வேண்டும். மருத்துவருக்கு ஐயம் வந்தவர்களிடம் மட்டும் எடுத்தால் நமக்குக் கிடைப்பது மருத்துவரின் ஐயத்தைப் பற்றிய கணக்கு; மக்களிடையே உள்ள நோயைப் பற்றிய கணக்கு ஆகாது.

என் அனுபவத்தில், இந்தப் பணியில் மிகவும் மதிக்கத்தக்கதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும், ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து வாரந்தோறும் தவறாமல் வரும் "இந்த வாரம் யாரும் இல்லை" என்ற அறிக்கைதான். அறிக்கை வராவிட்டால், நோய் இல்லையா அல்லது எழுத ஆள் இல்லையா என்று தெரியாமல் போய்விடும். பூஜ்யம் என்று எழுதி அனுப்பியவர் ஒரு தகவலை அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: நான் பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவி. கண்காணிப்புக் கணக்கில் ஒருவரைச் சேர்க்க, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், இருமல், பத்து நாட்களுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்று வரையறை வைத்திருக்கிறார்கள். ஃப்ளூ உள்ள பலருக்குக் காய்ச்சலே இருப்பதில்லையே. இந்த வரையறை அவர்களைத் தவறவிட்டுவிடாதா?

பதில்: தவறவிடும். அதை அறிந்தே இந்த வரையறையை வைத்திருக்கிறார்கள். தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல் உள்ள எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் ஃப்ளூ நோயாளிகள் அநேகமாக எல்லோரும் வலைக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் சாதாரண சளி பிடித்தவர்களும் கூட்டமாக வந்து சேர்வார்கள், எடுக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் ஃப்ளூ இருக்காது, ஆய்வகத்தின் உழைப்பும் பணமும் வீணாகும். வரையறையை மிகவும் இறுக்கினால் அதற்கு நேர்மாறான இழப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் உடன்பாடு. புறநோயாளிக்கு அளந்து பார்த்த காய்ச்சல் 38 டிகிரியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவருக்குக் காய்ச்சல் இருந்ததாக அவர் சொன்னாலே போதும். கடுமையான நோயாளியைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தளர்வு.

ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க இந்த வரையறையைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் மாணவர்கள் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். காய்ச்சல் இல்லாமல், சோர்வும் மனக்குழப்பமும் மட்டுமாக வரும் முதியவருக்கு ஃப்ளூ இருக்கலாம். கணக்கில் சேரவில்லை என்பதற்காக அவரைக் கவனிக்காமல் விடுவது பெரும் பிழை.

மேலும், ஃப்ளூவுக்காக வகுத்த வரையறை எல்லாச் சுவாசத் தொற்றுகளுக்கும் பொருந்தாது. கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இதனால் கீழ்ச் சுவாசப் பாதையில் தொற்று ஏற்பட்டு, உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. ஆனால் இந்தத் தொற்றுள்ள பச்சிளங்குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. மிகச் சிறிய குழந்தைகளிடம் மூச்சு இடையிடையே நின்றுபோவதே முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே ஆர்.எஸ்.வி. கண்காணிப்பில் காய்ச்சல் என்ற நிபந்தனையை நீக்கியிருக்கிறார்கள். ஒரே மருத்துவமனையில் இரண்டு வரையறைகளையும் சேர்த்து நடத்தும்போது, ஃப்ளூ கணக்கைப் பழைய வரையறையிலேயே தனியாகவும் எடுத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரையறை மாறிய ஆண்டில் ஏற்பட்ட ஏற்றம் நோயால் வந்ததா, வரையறையால் வந்ததா என்று பின்னால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குறையுள்ள ஓர் அளவுகோலைக் கூடப் பத்து ஆண்டுகள் மாற்றாமல் பயன்படுத்தினால் அது பயன் தரும். ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் சிறந்த அளவுகோலால் அந்தப் பயன் கிடைக்காது.

கேள்வி: "ஒரே வாரத்தில் ஃப்ளூ தொற்று இரு மடங்கு" என்று செய்தி வந்தது. அடுத்த வாரமே "குறைகிறது" என்றார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டு செய்திகளும் ஒரே கணக்கைத் தவறாகப் படித்ததால் வந்தவையாக இருக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சென்ற வாரம் 100 மாதிரிகளைச் சோதித்து 10இல் ஃப்ளூ கண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் 300 மாதிரிகளைச் சோதித்து 24இல் கண்டார்கள். எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. ஆனால் நூற்றுக்குப் பத்தாக இருந்த விகிதம் நூற்றுக்கு எட்டாக இறங்கியிருக்கிறது. செய்தியில் 24 என்ற எண் மட்டும் வரும். 300 என்பது வராது. தொற்று எண்ணிக்கை எதைப் படித்தாலும், "எத்தனை பேரைச் சோதித்ததில்?" என்று உடனே கேட்கும் பழக்கத்தை நாம் எல்லோரும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த விகிதமும் தனியாக நின்றால் ஏமாற்றக்கூடும். இன்னொரு வைரஸும் அதே சமயம் பெருகினால், ஃப்ளூ நோயாளிகள் குறையாமலேயே ஃப்ளூவின் விகிதம் குறைந்ததுபோல் தோன்றும். ஆகவேதான் மருத்துவமனைக்கு வருபவர்களில் காய்ச்சல் இருமல் உள்ளவர்களின் பங்கையும், சோதித்த மாதிரிகளில் ஃப்ளூ உள்ளவற்றின் பங்கையும் பெருக்கிப் பார்க்கிறார்கள். நூறு பேர் மருத்துவமனைக்கு வந்தால் அவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஃப்ளூவால் வந்திருப்பார்கள் என்பதற்கு அது நெருக்கமான மதிப்பீடு.

"குறைகிறது" என்ற செய்திக்கு வேறொரு காரணம் இருக்கலாம். கடைசி வாரத்தின் கணக்கு வெளியாகும் நாளில் எல்லா மருத்துவமனைகளின் அறிக்கைகளும் வந்து சேர்ந்திருக்காது. சில மாதிரிகளின் முடிவும் வந்திருக்காது. அதனால் வரைபடத்தின் கடைசிக் கோடு எப்போதும் குட்டையாகவே இருக்கும், அடுத்த இரண்டு வாரங்களில் அது வளரும். தொடர் விடுமுறை வந்த வாரத்தில் புறநோயாளர் வருகை குறைவதும், விடுமுறை முடிந்த வாரத்தில் திடீரென்று கூடுவதும் இதே வகையான மயக்கம். பொறுப்புள்ள அறிக்கைகளில் கடைசி வார எண் தற்காலிகமானது என்று குறிப்பிட்டிருப்பார்கள். செய்தி எழுதுகிறவர்கள் அந்த வரியை விட்டுவிடக் கூடாது என்று இந்தப் பகுதியின் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

பருவம் தொடங்கிவிட்டது என்று எப்போது சொல்வது என்பதற்கும் வழிகள் உள்ளன. ஐரோப்பாவில், சென்டினல் மாதிரிகளில் நூற்றுக்குப் பத்து என்ற விகிதத்தைத் தாண்டினால் பருவம் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். முந்தைய ஐந்து, பத்துப் பருவங்களின் வாராந்தரக் கணக்கைக் கொண்டு, வழக்கமான அளவு எது, மிதமான ஏற்றம் எது, மிகையான ஏற்றம் எது என்று எல்லைக்கோடுகளை வகுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. பழைய ஆண்டுகளின் கணக்கு கையில் இல்லாத நாட்டில், இந்த ஆண்டின் ஏற்றம் இயல்பானதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அமைதியான ஆண்டுகளில் கண்காணிப்புக்கான பணத்தைக் குறைப்பவர்கள், கொந்தளிப்பான ஆண்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோலையே இழந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஃப்ளூ குளிர்காலத்து நோய்தானே? ஆண்டு முழுவதும் எதற்காகக் கண்காணிக்க வேண்டும்?

பதில்: மிதவெப்ப நாடுகளுக்குத்தான் அது குளிர்கால நோய். வட அரைக்கோளத்தில் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், தென் அரைக்கோளத்தில் ஆண்டின் நடுப்பகுதியிலும் அது உச்சத்தை அடையும். வெப்பமண்டல நாடுகளில் ஆண்டு முழுவதும் பரவுகிறது. பல இடங்களில் மழைக்காலத்தை ஒட்டி ஏறுகிறது, சில இடங்களில் ஆண்டுக்கு இரண்டு ஏற்றங்கள்கூட உண்டு. எந்த மாதத்தில் தடுப்பூசி போடுவது என்பதை அந்தந்த நாட்டின் ஆண்டு முழுவதற்குமான கணக்கைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஃப்ளூவால் ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் இறப்பதாக எழுதுகிறீர்கள். இறப்புச் சான்றிதழில் ஃப்ளூ என்று எழுதி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

பதில்: நீங்கள் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவுதான். ஃப்ளூ வந்த முதியவருக்கு ஒரு வாரம் கழித்துப் பாக்டீரியாவால் நிமோனியா வருகிறது. அல்லது ஏற்கெனவே பலவீனமான இதயம் செயலிழக்கிறது. அதற்குள் வைரஸ் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் மறைந்திருக்கலாம். யாரும் சோதித்தும் இருக்கமாட்டார்கள். சான்றிதழில் நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோ எழுதப்படும். மருத்துவர் பொய் எழுதவில்லை. தாம் கண்டதை எழுதியிருக்கிறார்.

இந்த மறைந்த இறப்புகளைக் கணக்கில் கொண்டுவரும் வழியை வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். 1847இல் லண்டனில் இன்ஃப்ளூயன்சா பரவியபோது, அந்த வாரங்களில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டை நோயின் கணக்கில் சேர்த்தார். இதையே இன்று மிகை இறப்பு என்கிறோம். 1963இல் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் செர்ஃப்ளிங், ஆண்டின் பருவங்களுக்கேற்ப இயல்பாக ஏறி இறங்கும் இறப்பு எண்ணிக்கையை ஒரு கணிதக் கோடாக வரைந்து, அதற்கு மேலே எழும் பகுதியை ஃப்ளூவுக்குரியதாகக் கணக்கிடும் முறையை வகுத்தார். அந்த முறையின் வழித்தோன்றல்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

சுவாசக் கோளாறுகள் வழியாக மட்டும் பருவகால ஃப்ளூவால் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இத்தகைய கணக்கீடுகளிலிருந்து வந்தது. இரண்டு எண்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகவே தோன்றுகிறது. இறப்புப் பதிவே சரியாக இல்லாத நாடுகள் பல இருக்கும்போது, ஒற்றை எண்ணைத் துல்லியமாகச் சொல்கிறவரைத்தான் நாம் ஐயுற வேண்டும்.

கேள்வி: ஃப்ளூ என்று தெரிந்தால் போதாதா? வைரஸின் மரபணுவரை ஏன் ஆராய்கிறார்கள்? தடுப்பூசியையும் ஆண்டுதோறும் மாற்றுகிறார்களே?

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. ஃப்ளூ வைரஸ் தன் மேற்பரப்பில் உள்ள புரதங்களை ஓயாமல் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு நம் உடல் கற்றுக்கொண்ட எதிர்ப்பு இந்த ஆண்டின் வைரஸை அரைகுறையாகவே அடையாளம் காண்கிறது. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து கவனிப்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 1952இல் ஓர் ஆய்வக வலையமைப்பைத் தொடங்கியது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளின் தேசிய இன்ஃப்ளூயன்சா மையங்கள் அதில் இணைந்திருக்கின்றன. மருத்துவமனையில் எடுத்த மாதிரி குளிர்நிலை மாறாமல் ஆய்வகத்தை அடைகிறது. வைரஸின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் ஏ வகையா பி வகையா, ஏ என்றால் அதன் துணைவகைகளில் எச்1என்1 ஆ எச்3என்2 ஆ என்று கண்டறிகிறார்கள். அவற்றில் தெரிந்தெடுத்த சிலவும், எந்த வகையிலும் அடங்காதவை அனைத்தும், அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் ஆகிய நகரங்களில் உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றும் ஆய்வு மையங்களுக்குப் போகின்றன. அங்கே மரபணு வரிசையைப் படிப்பதோடு, பழைய வைரஸுக்கு எதிராக உருவான எதிர்ப்புப்பொருள் புதிய வைரஸைத் தடுக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

வட அரைக்கோளத்துத் தடுப்பூசியில் எந்த வைரஸ்கள் இடம்பெற வேண்டும் என்பதை பிப்ரவரியிலும், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் நிபுணர் குழு கூடி முடிவு செய்கிறது. முட்டைகளில் வைரஸை வளர்த்துத் தடுப்பூசி தயாரிக்க ஏறத்தாழ ஆறு மாதங்கள் பிடிப்பதால் இவ்வளவு முன்னதாகவே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் வைரஸ் மாறிவிட்டால் தடுப்பூசியின் பயன் குறையும். 2014–15 பருவத்தில் அதுதான் நடந்தது: முடிவெடுத்த பிறகு எச்3என்2 வைரஸின் மாறிய வடிவம் பெருகியது, அந்த ஆண்டு தடுப்பூசியின் காப்பு மிகக் குறைவாக இருந்தது. அதைக் கண்டுபிடித்து வெளிப்படையாகச் சொன்னதும் இதே கண்காணிப்புதான்.

மருந்துக்கு வைரஸ் பணிகிறதா என்பதும் இதில் தெரியவரும். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நார்வேயில் எடுத்த எச்1என்1 மாதிரிகளில் பெரும்பகுதி, ஃப்ளூவுக்குக் கொடுக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஒசல்டாமிவிருக்குக் கட்டுப்படாதவை என்று தெரிந்தது. அந்த மருந்தைப் பரவலாகப் பயன்படுத்தாத நாட்டிலேயே இப்படி நேர்ந்தது யாரும் எதிர்பாராதது. அடுத்த ஓராண்டுக்குள் அந்த வைரஸ் உலகெங்கும் பரவியது. மாதிரிகளை ஃப்ளூ உண்டு, இல்லை என்பதோடு நிறுத்தியிருந்தால், பயனற்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்போம்.

கேள்வி: கொரோனா காலத்தில் ஃப்ளூ காணாமல் போனது எப்படி? ஃப்ளூவைத்தான் கொரோனா என்று பெயர் மாற்றிக் கணக்குக் காட்டினார்கள் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: உங்கள் நண்பரின் ஐயத்துக்கு ஆய்வகக் கணக்கே விடை சொல்லும். 2020–21இல் ஃப்ளூ சோதனையை யாரும் நிறுத்திவிடவில்லை. பல நாடுகளில் வழக்கத்துக்குக் குறையாத அளவில் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஆயினும் ஃப்ளூ இருந்தவை ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவுக்குக்கூட இல்லாத இடங்கள் உண்டு. இரண்டு வைரஸ்களின் மரபணுக்களும் முற்றிலும் வேறானவை. ஒன்றைத் தேடும் பிசிஆர் சோதனை மற்றொன்றைக் காட்டாது. முகக்கவசம், பள்ளிகள் மூடல், பயணக் கட்டுப்பாடு ஆகியவை கொரோனாவைக் குறைத்தன. அதைவிடப் பரவும் வேகம் குறைந்ததும், முந்தைய தொற்றுகளால் மக்களிடையே ஓரளவு எதிர்ப்பு இருந்ததுமான ஃப்ளூவை அவை ஏறத்தாழ நிறுத்தியே விட்டன.

பி வகையில் யமகதா என்ற வம்சம் 2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையில் பரவுவதாக உறுதிப்படவே இல்லை. அதனால் 2023 செப்டம்பரிலிருந்து அந்தக் கூறு தடுப்பூசிக்குத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு வைரஸ் வம்சம் இல்லாமல் போனதை நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால், அதை ஆண்டுக்கணக்காகத் தேடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் மக்கள் தேடுவதை வைத்தே கூகுள் காய்ச்சலைக் கணித்துவிடும் என்கிறார்கள். கழிவுநீரிலும் வைரஸைக் கண்டுபிடிக்கிறார்கள். இனி மருத்துவமனைக் கணக்குத் தேவைதானா?

பதில்: தேவை. 2008இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய ஃப்ளூ கணிப்பு முதலில் வியப்பூட்டியது. ஆனால் 2012–13 பருவத்தில் அமெரிக்க மருத்துவர்களின் கணக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காய்ச்சலைக் காட்டியது. 2015இல் அந்தக் கணிப்பை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் படித்து அஞ்சித் தேடுகிறவரையும் காய்ச்சலால் தேடுகிறவரையும் பிரித்தறிய அதனால் முடியவில்லை.

கழிவுநீர்ச் சோதனை அதைவிட உறுதியானது. முதல் கேள்வியைக் கேட்டவரைப் போல மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்களின் வைரஸும் அதில் வந்து சேரும், யாருடைய பெயரும் அதில் இருக்காது. ஆனால் நோயாளி குழந்தையா முதியவரா, வீட்டில் இருக்கிறாரா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகள் அதன் கண்ணுக்குப் படுவதுமில்லை. புதிய வழிகளைப் பழைய கணக்கோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைக்க முடியாது.

கேள்வி: அடுத்த பெருந்தொற்று வந்தால் இந்த ஏற்பாடு அதைப் பிடித்துவிடுமா?

பதில்: பிடிக்கும் என்று வாக்குறுதி தர முடியாது, பிடித்த வரலாறு உண்டு. 1997இல் ஹாங்காங்கில் இறந்த ஒரு சிறுவனிடம் எடுத்த வைரஸ், அதுவரை மனிதரிடம் கண்டிராத எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் 18 பேருக்கு அந்தத் தொற்று வந்து ஆறு பேர் இறந்தார்கள்; கோழிப் பண்ணைகளிலும் சந்தைகளிலும் இருந்த பறவைகளை எல்லாம் அழித்தபின் அந்தப் பரவல் நின்றது. 2009 ஏப்ரலில் கலிபோர்னியாவில் இரண்டு குழந்தைகளின் மாதிரிகள் எந்த மனித ஃப்ளூ வகையிலும் அடங்கவில்லை. இரண்டு குழந்தைகளுக்கும் நோய் கடுமையாக இல்லை, இருவரும் குணமடைந்தார்கள். வகை தெரியாத மாதிரியை மேலிடத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற நெறியால் மட்டுமே புதிய எச்1என்1 அங்கே வெளிப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 11 அன்று பெருந்தொற்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் அந்த வைரஸ் பல நாடுகளில் பரவியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கண்காணிப்பு நமக்குக் கால அவகாசத்தை வாங்கித் தருகிறது. தடுப்பு அரண் கட்டித் தருவதில்லை.

மனிதரிடம் புதிய ஃப்ளூ துணைவகை ஒன்று தோன்றினால், அதை மதிப்பிட்டு அறிந்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 2007இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஆனால் விதி மட்டும் போதாது. அதே 2007இல், தன் நாட்டு எச்5என்1 மாதிரிகளைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படும் என்று சொல்லி, இந்தோனேசியா மாதிரிகளைப் பகிர மறுத்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்குத் தடுப்பூசியிலும் மருந்திலும் பங்கு கிடைக்க வழிசெய்யும் ஓர் உடன்பாட்டை 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார மன்றம் ஏற்றுக்கொண்டது. மாதிரியைக் கொடுத்தவருக்குப் பலன் திரும்பி வராத ஏற்பாடு நாடுகளுக்கிடையிலும் நிலைக்காது, மருத்துவமனைகளுக்கிடையிலும் நிலைக்காது. வாரந்தோறும் படிவம் நிரப்பும் செவிலியருக்கு, தாம் அனுப்பிய மாதிரிகளில் என்ன கிடைத்தது என்று யாரும் சொல்லாவிட்டால், ஆறு மாதத்தில் அந்தப் படிவம் வெறுமையாகவே வரத் தொடங்கும்.

கேள்வி: காய்ச்சலோடு போனபோது, கண்காணிப்புக்காக மூக்கில் மாதிரி எடுக்கலாமா என்று கேட்டார்கள். பயந்து மறுத்துவிட்டேன். ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமா? என் பெயர் எங்கெல்லாம் போகும்?

பதில்: மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் உங்கள் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. ஒப்புக்கொண்டால் சில நொடிகள் மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான். மாதிரியோடு வயது, பாலினம், நோய் தொடங்கிய நாள், தடுப்பூசி போட்டீர்களா, நீரிழிவு ஆஸ்துமா போன்றவை உண்டா என்ற விவரங்களைக் குறித்துக்கொள்வார்கள். முறையாக நடக்கும் ஏற்பாட்டில், பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணே ஆய்வகத்துக்கும் அதற்கு மேலும் போக வேண்டும். அதை நீங்கள் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம். நோய் தொடங்கிய நாளை மட்டும் நன்றாக நினைவுபடுத்திச் சொல்லுங்கள். முதல் மூன்று நான்கு நாட்களில் எடுத்த மாதிரியில்தான் வைரஸ் நன்றாகக் கிடைக்கும். பத்தாம் நாளில் எடுத்த மாதிரியில் வைரஸ் இல்லை என்றால் ஃப்ளூ இல்லை என்று ஆகிவிடாது.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். கண்காணிப்பு மாதிரியின் முடிவு வர நாட்கள் ஆகலாம். அதற்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், நாள்பட்ட நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ என்று மருத்துவர் கருதினால், முடிவு வரும்வரை பாராமல் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதன் பயன் மிகுதி.